ஏவுகணையை மாட்டினால் மட்டும் போதுமா?

அறிவியல் பகுதி
எழுதியது: பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்



காலைப் பிரேயரில் நிற்கும்போது தலைக்கு மேலே காது அடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உடனே எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். பி.டி. சார் முறைப்பார். தஞ்சாவூர்க்காரர்களான நமக்கு அது பழகிப்போன சத்தம். அதுதான் சுகோய்-30 எம்கேஐ போர் விமானம். 2020 ஜனவரி 20 அன்று நம் தஞ்சை விமானப்படைத் தளத்தில் 222-ஆம் படைப்பிரிவு இந்த விமானங்களோடு தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'டைகர் ஷார்க்ஸ்', அதாவது புலிச்சுறாக்கள். தென்னிந்தியாவில் சுகோய்-30 விமானங்களுக்கென்று அமைந்த முதல் படைப்பிரிவு இதுதான். இந்தப் புலிச்சுறாவின் பல், 'பிரமோஸ்' ஏவுகணை.

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் வந்தது. "ஏவுகணை தயார், விமானமும் தயார். அடியில ரெண்டு கொக்கி போட்டு மாட்டிவிட வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு வருஷக்கணக்கா சோதனை?" என்று என் நண்பன் கேட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிசிக்ஸ் சாரிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி. தேடிப் படிச்சு சுவரிதழ்ல எழுது, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டது நான்! படித்ததை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் ஒரு சைக்கிள்

சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் இரண்டு குடம் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? காலி சைக்கிள் ஓட்டுவதும் இதுவும் ஒன்றா? ஹேண்டில் கனக்கும், பிரேக் பிடித்தால் லேசில் நிற்காது, திருப்பத்தில் சாயவே பயமாக இருக்கும். வீட்டு வாசலில் ஒரு குடத்தை மட்டும் இறக்கினால் சைக்கிள் மறுபக்கம் குடை சாயும். சைக்கிள் அதே சைக்கிள்தான், ஆனால் குடம் ஏறியதும் அது வேறு வண்டியாகிவிடுகிறது.

விமானமும் அப்படித்தான். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில், காற்றில் தொங்கிக்கொண்டு, குடத்தைப் பாதி வழியில் 'டக்'கென்று விட்டுவிட வேண்டிய சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிக்கல் 1: எடை

கப்பலிலிருந்தும் தரையிலிருந்தும் ஏவப்படும் பிரமோஸ் ஏறத்தாழ 3 டன் எடை. விமானத்துக்காக அதை 2.5 டன்னாகக் குறைத்தார்கள். எப்படி? கப்பலில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதால் பெரிய உந்து ராக்கெட் வேண்டும். விமானமோ ஏற்கெனவே உயரத்திலும் வேகத்திலும் இருக்கிறது. ஆகவே சின்ன உந்து ராக்கெட் போதும். அதோடு, விழும்போது நிலைதடுமாறாமல் இருக்க வால் பகுதியில் கூடுதல் துடுப்புகளும் வைத்தார்கள். பார்த்தீர்களா, விமானத்துக்காக ஏவுகணையே மாற வேண்டியிருந்தது.

அப்படியும் 2.5 டன் என்பது இரண்டு கார் எடைக்கு மேல். சும்மா நேராகப் பறக்கும்போதுதான் அது 2.5 டன். விமானம் வளைந்து திரும்பும்போது 4 'ஜி' விசை வந்தால், மாட்டியிருக்கும் கொக்கிக்கு அது 2.5 × 4 = 10 டன்னாகத் தெரியும். நமக்குப் பேருந்து திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் இழுக்குமே, அதே கதைதான். அதனால்தான் விமானத்தின் வயிற்றுப் பகுதியைப் பலப்படுத்தி, இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே ஒரே ஒரு பிரமோஸைச் சுமக்கும்படி அமைத்தார்கள். இந்த வேலையை நாசிக்கில் உள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) செய்தது.

ஏவியதும் என்ன ஆகும்? ஒரே நொடியில் 2.5 டன் குறைந்துவிடும். இறக்கையின் தூக்குவிசை அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். விமானம் துள்ளி மேலே எழும். இதைச் சமாளிக்க விமானிக்கும் விமானத்தின் கம்ப்யூட்டருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஏவவே இல்லை, திருப்பிக் கொண்டு வந்து இறங்க வேண்டும் என்றாலும் சிக்கல். சக்கரம் தரையில் தட்டும் அதிர்ச்சியை அந்தக் கொக்கி தாங்க வேண்டுமே!

சிக்கல் 2: இறக்கை நடுக்கம்

எட்டாவது படிக்கும் தம்பிகளுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்றபடி தள்ளினால், சின்னத் தள்ளலே பெரிய ஆட்டமாகும். இதுதான் ஒத்ததிர்வு. விமானத்தின் இறக்கைக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. அதன் நுனியிலோ நடுவிலோ ஓர் ஏவுகணையைக் கட்டினால் அந்தத் தாளம் மாறிவிடும். மாறிய தாளமும் காற்றின் தள்ளலும் ஒத்துப்போனால் இறக்கை படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். அடங்காமல் வளர்ந்தால் இறக்கையே முறிந்துபோகலாம்.

அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தில் சில குண்டுகளைச் சில விதமாக மாட்டும்போது இப்படி ஓர் அதிர்வு வருவது தெரிந்த விஷயம். அதனால் "இந்த இடத்தில் இது, அந்த இடத்தில் அது, இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே" என்று ஒவ்வொரு கூட்டணிக்கும் தனித்தனியாகச் சோதித்து எல்லை போடுகிறார்கள். சுகோய்-30 விமானத்தில் ஆயுதம் மாட்டும் இடங்களே 12 இருக்கின்றன. எத்தனை விதமாக மாட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

சிக்கல் 3: மாட்டுவதைவிட விடுவது கஷ்டம்

கையிலிருக்கும் கல்லை விட்டால் நேரே கீழே விழும். இது வகுப்பறையில் சரி. வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு அடியில் காற்று சுழன்று சுழன்று ஓடும். அந்தக் காற்று, விட்ட குண்டைக் கீழே போக விடாமல் மேலே தூக்கி, விமானத்தின் வயிற்றிலோ வாலிலோ மோதச் செய்யலாம். அதனால் பல விமானங்களில் குண்டு தானாக விழட்டும் என்று விடுவதில்லை. மாட்டியிருக்கும் சட்டத்தில் சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும். அது வெடித்துத் தண்டால் குண்டைக் கீழே உதைத்துத் தள்ளும்.

பிரமோஸ் முதலில் விமானத்திலிருந்து கீழே விழுகிறது. போதுமான தூரம் விலகிய பிறகுதான் அதன் எஞ்சின் எரியத் தொடங்கும். வயிற்றுக்கு அடியிலேயே எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

* பெட்டிச் செய்தி: தன்னைத் தானே சுட்டுக்கொண்ட விமானம்! *
1956 செப்டம்பர் 21. அமெரிக்காவின் லாங் ஐலண்ட் பக்கம் கடலுக்கு மேல் டாம் ஆட்ரிட்ஜ் என்ற சோதனை விமானி 'எஃப்11எஃப் டைகர்' விமானத்தில் பீரங்கியைச் சோதித்தார். கீழ்நோக்கிப் பாய்ந்தபடியே சுட்டார். குண்டுகள் காற்றின் தடையால் வேகம் குறைந்து வளைந்து கீழே இறங்கின. விமானமோ எஞ்சின் பலத்தில் இன்னும் செங்குத்தாகப் பாய்ந்து, தான் சுட்ட குண்டுகளையே போய் முட்டியது! எஞ்சின் பழுதாகி விமானம் தரையில் மோதியது. காயங்களோடு விமானி உயிர் பிழைத்தார். எதிரியே இல்லாத வானத்தில் நடந்தது இது. நியூட்டன் சாருக்கு எந்த நாட்டு விமானம் என்ற பாகுபாடு கிடையாது!
*

சிக்கல் 4: சுட்டால் எஞ்சின் திணறும்

இங்கிலாந்தின் 'ஹாக்கர் ஹண்டர்' அழகான விமானம். நம் விமானப்படையிலும் 1957 முதல் பல ஆண்டுகள் இருந்தது. அதன் மூக்குப் பகுதியில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. தொடக்க கால ஹண்டர்களில், உயரத்தில் பறக்கும்போது நான்கையும் சேர்த்துச் சுட்டால், வெளிவரும் புகையை எஞ்சின் உறிஞ்சித் திணறியது. அடுப்பில் புகை மண்டினால் அம்மா இருமுவது மாதிரி. சுடும் நேரத்தில் மட்டும் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்து சமாளித்தார்கள்.

அதோடு தீர்ந்ததா? குண்டுகளைக் கோத்திருக்கும் உலோக இணைப்புகள் வெளியே தெறித்து, விமானத்தின் அடிப்பக்கத்தையே பதம் பார்த்தன. அவற்றைப் பிடித்து வைக்க விமானத்தின் கழுத்துக்குக் கீழே இரண்டு உப்பலான கூடைகள் வைத்தார்கள். ஒன்றைச் சேர்த்தால், நினைக்காத இடத்தில் இன்னொன்று கெடும். இந்த வரியை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும், கடைசியில் மறுபடி வருவேன்.

சிக்கல் 5: இருவருக்கும் ஒரே மொழி வேண்டும்

பழைய காலக் குண்டுக்கு மூளை கிடையாது. இப்போதைய ஏவுகணைக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. விமானத்துக்குள்ளும் கம்ப்யூட்டர் இருக்கிறது. "நீ தயாரா?", "தயார்", "இலக்கு இங்கே", "புரிந்தது" என்று இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரும் ஜப்பானிய மொழி மட்டும் தெரிந்தவரும் ஒரே அறையில் இருந்தால் எப்படிப் பேசுவார்கள்? இதற்காகவே 'மில் ஸ்டாண்டர்டு 1553', '1760' என்றெல்லாம் பொது விதிமுறைகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பியில் என்ன செய்தி, எந்த வரிசையில் போகும் என்று அவை சொல்லும்.

மொழி ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உக்ரைன் நல்ல உதாரணம். 2022-இல் அமெரிக்காவின் 'ஹார்ம்' ஏவுகணையை, சோவியத் காலத்து மிக்-29 விமானத்தில் அவசரமாகப் பொருத்தினார்கள். சில மாதங்களிலேயே முடித்துவிட்டார்கள். 'அப்போ சீக்கிரம் முடியும்தானே?' என்று கேட்கலாம். ஆனால் பழைய விமானத்தின் கருவிகளுக்கும் புதிய ஏவுகணைக்கும் முழுப் பேச்சுவார்த்தை கிடையாது. விமானியின் அறையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை வைத்துச் சமாளித்தார்கள். ஏவுகணையின் திறமை முழுவதையும் அப்படிப் பயன்படுத்த முடியாது. போர்க்கால அவசரத்துக்கு அது சரி. முழுமையான இணைப்பு என்பது வேறு.

சிக்கல் 6: "நான் எங்கே இருக்கிறேன்?"

நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டால் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் நம் தோளைப் பிடித்து, "வாசல் இந்தப் பக்கம், பத்து அடி" என்று சொல்லிவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டே போய்விடலாம்.

ஏவுகணைக்குள் அசைவை உணரும் உணரிகள் இருக்கின்றன. கிளம்பிய இடமும் திசையும் வேகமும் தெரிந்தால், அங்கிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்று அவை கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த முதல் கணக்கை யார் சொல்வது? விமானம்தான் சொல்ல வேண்டும். விமானம் தன் உணரிகளின் கணக்கை ஏவுகணைக்குக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். கப்பலும் ஆடும்தான், ஆனால் மெதுவாக ஆடும். விமானமோ திரும்பும், ஏறும், அதிரும். இரண்டு உணரிகளும் ஒரே இடத்திலும் இல்லை.

ஒரு கணக்கு. திசையில் வெறும் 1 டிகிரி தவறு என்று வைத்துக்கொள்வோம். 290 கி.மீ. போனால் எவ்வளவு விலகும்? கோணவியலில் டான் 1° = 0.0175. ஆகவே 290 × 0.0175 = சுமார் 5 கி.மீ.! நடுவழியில் செயற்கைக்கோளும், கடைசியில் ஏவுகணையின் சொந்த ரேடாரும் திருத்தம் செய்யும் என்றாலும், முதல் அடியே தப்பாக இருக்கலாமா? 5 கி.மீ. தள்ளி இருப்பது வேறு யாருடைய வீடாகவோ, மீனவர் படகாகவோ இருக்கலாமே!

பிரமோஸை சுகோயில் இணைத்தபோது தாண்டிய பெரிய தடைகளில் இதுவும் ஒன்று என்று 2019-இல் நம் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. விமானத்துக்கான மென்பொருளை நம் விமானப்படைப் பொறியாளர்களே எழுதினார்கள். வெளிநாட்டில் வடிவமைத்த விமானத்துக்கு நம்மவர்களே நிரல் எழுதிச் சேர்த்தது பெருமைதானே!

சிக்கல் 7: ஒரு பொறி போதும்

இது வருத்தமான பகுதி. 1967 ஜூலை 29. வியட்நாம் கடலோரத்தில் 'ஃபாரஸ்டல்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். தளத்தில் விமானங்கள் வரிசையாகக் கிளம்பத் தயாராக நின்றன. ஒரு ஃபான்டம் விமானத்தில் வெளி மின்சாரத்திலிருந்து உள் மின்சாரத்துக்கு மாற்றியபோது திடீரென்று மின்னழுத்தம் எகிறியது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனால் அதில் மாட்டியிருந்த ஒரு ராக்கெட் தானாகக் கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியில் பாய்ந்தது. தீ பரவியது. அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 134 பேர் இறந்தார்கள்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சில பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தியிருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. அந்த 134 பேரும் எதிரி சுட்டு இறந்தவர்கள் இல்லை, நண்பர்களே. அவர்களுடைய கப்பலின் ராக்கெட்டே அவர்களைக் கொன்றது. ரேடார் அலை, ரேடியோ அலை, மின்சாரத் துள்ளல் எது வந்தாலும் ஆயுதம் தானாக எரியக்கூடாது என்று இவ்வளவு சோதனைகள் செய்வது ஏன் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, எப்படித்தான் சோதிக்கிறார்கள்?

1. கம்ப்யூட்டரில் கணக்கிடுவது.
2. சின்ன மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்ப்பது.
3. தரையில் மாட்டிப் பார்ப்பது. சக்கரம், கதவு எதிலாவது இடிக்கிறதா, மின் இணைப்பு சரியா என்று பார்ப்பது.
4. மாட்டியபடி பறப்பது. ஏவக்கூடாது.
5. வெடிமருந்து இல்லாத மாதிரியைப் பறக்கும்போது கீழே விட்டு, அதிவேகக் கேமராவில் படம் பிடிப்பது.
6. கடைசியாக, உண்மையான ஏவுதல்.

பிரமோஸின் பயணத்தைப் பாருங்கள்:
- 2001 ஜூன் 12: பிரமோஸ் முதல்முறையாக ஏவப்பட்டது (விமானத்திலிருந்து அல்ல).
- 2016 ஜூன் 25: நாசிக்கில் சுகோய் விமானம் பிரமோஸைச் சுமந்தபடி முதல்முறை பறந்தது.
- 2017 நவம்பர் 22: வங்கக் கடலில் இருந்த இலக்கை நோக்கி, சுகோயிலிருந்து முதல் ஏவுதல்.
- 2019 மே 22: தரை இலக்கை நோக்கி ஏவுதல்.
- 2020 ஜனவரி 20: நம் தஞ்சாவூரில் படைப்பிரிவு.

சுமந்து பறந்த நாளுக்கும் முதல் ஏவுதலுக்கும் நடுவே மட்டும் 17 மாதம்! அந்த 17 மாதத்தில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

முடிவாக...

என் நண்பனின் கேள்விக்கு வருவோம். மாட்டுவதற்கு ஒரு நாள் போதும்தான். ஆனால் ஓர் ஆயுதம் முதலில் யாருக்கு ஆபத்து? அதைச் சுமப்பவருக்குத்தான். டாம் ஆட்ரிட்ஜையும் ஃபாரஸ்டல் கப்பலின் மாலுமிகளையும் நினைத்துப் பாருங்கள். ஒன்றைச் சேர்த்தால் நினைக்காத இடத்தில் இன்னொன்று கெடும் என்று சொன்னேன் அல்லவா? அந்த 'நினைக்காத இடத்தை' விமானி கண்டுபிடிப்பதற்கு முன்னால் பொறியாளர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருஷம்.

போர் வரவே கூடாது என்பதுதான் நம் எல்லோருடைய ஆசையும். ஆனாலும் பயிற்சிக்காகவும் காவலுக்காகவும் தினமும் ஒருவர் அந்த இருக்கையில் ஏறி உட்காருகிறார். அவர் வீட்டிலும் நம் வீட்டைப் போல அம்மா, அப்பா, குழந்தைகள் காத்திருப்பார்கள். அடுத்த முறை பிரேயரில் அந்தச் சத்தம் கேட்கும்போது, விமானியோடு சேர்த்து, கொக்கியின் பலத்தைக் கணக்கிட்டவரையும் மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்த வேலையில் நம் பள்ளி மாணவர் ஒருவரும் இருக்கலாம். அதற்கு இன்றைக்குப் பிசிக்ஸ் வகுப்பில் தூங்காமல் இருக்க வேண்டும் (இது எனக்கும் சேர்த்துத்தான்).

யோசித்துப் பாருங்கள்!

1. 2.5 டன் ஏவுகணை 5 'ஜி' திருப்பத்தில் கொக்கிக்கு எத்தனை டன்னாகத் தெரியும்?
2. திசையில் அரை டிகிரி மட்டும் தவறினால் 290 கி.மீ. தொலைவில் எவ்வளவு விலகும்?
3. வலது இறக்கையில் இருந்த குண்டை மட்டும் விட்டால் விமானம் எந்தப் பக்கம் சாயும்? ஏன்? (குறிப்பு: தண்ணீர்க் குடம்!)

விடைகளை எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.